செக்கிங் அக்கா வாங்கிய வைரத்தோடு

ரயிலில் வேர்க்கடலை வாங்கினால்கூட அக்கா முதலில் ஒன்றை உடைத்துப் பார்ப்பார். தோலை ஊதி, பருப்பை இரண்டாகப் பிளந்து, மூக்கருகே கொண்டுபோய், அப்புறம்தான் வாயில் போடுவார். சிக்கு வாடை அடித்தால் பொட்டலம் திரும்பிப் போய்விடும். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்த மல்லிகையைத் தன் கையால் இன்னொரு தடவை முழம் போடுவார். "உன் கை குட்டையா என் கை நெட்டையா, அத்தச் சொல்லு மொதல்ல" என்பார். பூக்காரி தலையில் அடித்துக்கொண்டு நாலு விரற்கடை கூட்டிக் கொடுப்பாள்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது ஒரு காரணம். சொன்னால் எங்கள் லைனில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் நிஜமான காரணம்.

கோலார் தங்க வயலில் ஊரிகம் எங்கள் ஊர். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி அவர் வீடு. அவருடைய வீட்டுக்காரரும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட், ஒரே இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறியவர்கள். சுரங்கம் மூடிய சில வருஷத்தில் அக்காவின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அக்கா ஒரே மகளை வைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார். கார்மெண்ட்ஸில் முதலில் நூல் வெட்டும் வேலை, அப்புறம் செக்கிங். தைத்து வரும் சட்டைகளை மேசையில் போட்டு, கோணல் தையல், விட்டுப்போன காஜா எல்லாம் கண்டுபிடித்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. ரயிலில் வரும் பெண்கள் அவரைச் செக்கிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அதே ரயில். அவர் கே.ஆர்.புரத்தில் இறங்குவார். நான் கன்டோன்மென்ட் வரை போய், ஒரு பெரிய நகைக்கடையின் இரண்டாவது மாடியில் வைரப் பிரிவில் நிற்பேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

அவருடைய வேலை கைக்கு மட்டும் வந்ததல்ல, ரத்தத்திலேயே ஊறியது என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் எங்கள் பெட்டியில் ஒரு ஆள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெரிய கம்பெனிச் சட்டை, இன்ன விலை என்று பக்கத்தில் இருந்தவரிடம் பீற்றிக்கொண்டே வந்தார். அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு எழுந்துபோய், அனுமதிகூடக் கேட்காமல் அவர் கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் மேசையிலிருந்து ரிஜெக்ட் ஆன சட்டை, உள்தையல் இரண்டு தடவை ஓடியிருக்கிறது, நடைபாதையில்தானே வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அந்த மனுஷர் பங்காரப்பேட்டையில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார். பெட்டியே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அந்த ஆளை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மேலே பார்ப்பதற்குக் கடைக்காரன் இருக்கிறான், உள்ளே பார்க்கத்தான் நாம் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

தங்கம் வாங்கும்போது அவரைப் பார்க்கவேண்டும். போனஸ் வந்தால் எங்கள் ஊர்க் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிராம், ஒன்றரை கிராம் என்று மகளுக்குச் சேர்ப்பார். 916 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. அக்கா அதோடு விடமாட்டார். அதன் பக்கத்தில் பொடிப்பொடியாகப் பொறித்திருக்கும் ஆறு எழுத்து எண்ணைத் தன் கைபேசியில் தட்டி, நகையின் விவரமும் தூய்மையும் திரையில் வருகிறவரை கடைக்காரரை உட்கார விடமாட்டார். கல் வைத்த கம்மல் என்றால், கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் அவரைக் கண்டால் ஃபேனை வேகமாக வைப்பார்கள் என்று ஒரு கிண்டல் உண்டு.

என் கல்யாணத்துக்குத் தாலிச்சரடு எடுக்கும்போது என் அம்மா அவரைத்தான் கூட அழைத்துப் போனாள். சரடு எல்லாம் சரிதான், ஆனால் கொக்கியின் பத்தவைப்பு நிறம் மாறி இருக்கிறது, கொக்கியில் மட்டத் தங்கம் கலந்திருக்கிறது என்று அக்கா சொன்னார். கடைக்காரர் இல்லவே இல்லை என்றார். உரசிப் பார்த்தால் அக்கா சொன்னதுதான். கொக்கியை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சரடு இன்றைக்கும் என் மனைவி கழுத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

ஒரு விஷயம் சொன்னால்தான் மேற்கொண்டு நான் சொல்வது புரியும். கோலார் தங்க வயல் என்றால் அங்கே பிறந்தவனுக்கெல்லாம் தங்கம் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சிரிப்பு என்னவென்றால் நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். என் அப்பா இருபத்தாறு வருஷம் பூமிக்குள் இறங்கினார். தங்கம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, கல்லைத்தான் பார்த்தேன், தங்கத்தை உன் அம்மா காதில்தான் பார்த்தேன் என்றார். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது சட்டையைக் கழற்றி, வாயைத் திறக்கச் சொல்லி, காலணியைத் தட்டிச் சோதனை போடுவார்கள். அவ்வளவு வருஷத்தில் அப்பாவிடம் ஒரு பொட்டுக்கூடச் சிக்கியதில்லை. எங்கள் லைனில் அது பெரிய மரியாதை. என்னை நகைக்கடையில் வேலைக்கு எடுத்ததே இந்த ஊர்ப் பெயரால்தான். வாடிக்கையாளர் தயங்கினால் மேனேஜர் என் தோளில் கைவைத்து, இவர் கேஜிஎஃப் ஆள், தங்கத்திலேயே பிறந்தவர் என்பார். நானும் அடக்கமாகச் சிரிப்பேன். வாயால்தான் எனக்குச் சோறு.

அக்காவின் மகளுக்குக் குடியாத்தத்துப் பக்கம் வரன் அமைந்தது. பையனுக்கு ஓசூரில் வேலை, தங்கமான பையன். மாமியார்காரி கேட்டது ஒன்றே ஒன்று, ஏழு கல் வைரத்தோடு. தங்கத்தில் அக்காவை அசைக்க முடியாது, வைரம் அவருக்குப் புதுசு. வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, கெட்டது எதுவும் நடக்காவிட்டால்தான் வாங்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தார். உங்கள் கடையில் அப்படிக் கொடுப்பார்களா என்று ரயிலில் என்னைக் கேட்டார். கொடுப்பார்கள். தெரிந்தவர்கள், பெரிய கைகள் என்றால் மேனேஜர் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்புவார். அக்காவுக்காக நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. அதெல்லாம் பழைய காலம் அக்கா, இப்போது இல்லை என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதும் எங்கள் கடையைத்தான் நினைத்துக்கொண்டேன். பளபளக்கும் தரை, ஏசி, கோட்டு போட்ட மேனேஜர். அங்கே அக்கா டிபன் பையோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என்னோடு வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்! "அக்கா, அங்க வந்து நம்ம ராபர்ட்சன்பேட்ட மாதிரி ரொம்ப நோண்டாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சரி தம்பி என்றார்.

அந்த மாதம் எங்கள் பிரிவில் ஒரு தட்டு தேங்கிக் கிடந்தது. பார்வைக்கு எடுப்பான தோடுகள். பின்பக்கம் தங்கத் தகடு போட்டு மூடிய வேலை. மூடிய வேலையெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், பழைய குடும்பங்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் இந்தத் தட்டில் மூடியிருந்ததற்குக் காரணம் வேறு. கல்லில் மஞ்சள் ஓடியிருந்தது. சில கற்களில் கரும்புள்ளி. தங்கமும் பதினெட்டு காரட். வெளி ஆய்வகத்தின் சான்றிதழ் கிடையாது, கடையே அடித்துக் கொடுக்கும் அட்டைதான், அதில் தரத்தை இரண்டு படி தூக்கிப் போட்டிருந்தார்கள். இந்தத் தட்டை யார் காலி செய்கிறார்களோ அவர்களுக்கு ஐந்து லிட்டர் குக்கர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். குக்கருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குக்கர் மட்டுமில்லை, மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்ற ஆசையும் இருந்தது.

அக்கா வந்தார். நல்ல புடவை கட்டி, டிபன் பையைக் கீழேயே காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எனக்காகத்தான். நான் அந்தத் தட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீலத் துணியில் வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கல்லும் அழகுதான். அக்கா கையில் எடுத்தார். வழக்கம்போல உடனே திருப்பினார். பின்னால் தகடு. இது ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார். இப்போதைய மாடல் அக்கா, அழுக்கு போகாது என்றேன். மேசையில் லென்ஸ் இருந்தது. அக்கா அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். பக்கத்துக் கவுன்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தது போல எனக்குத் தோன்றியது. என் முகம் மாறியிருக்கவேண்டும்.

"கல்லு சுத்தமா தம்பி?" என்று கேட்டார்.

"சுத்தம்க்கா" என்றேன். நாக்கு கூசவில்லை.

அக்கா லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். "நீ இருக்கசொல்ல எனக்கு இன்னாத்துக்கு இது? உங்கப்பா மேல ஒரு நாளு ஒரு சொல்லு வந்துதா? அந்த வூட்டுப் புள்ள சொன்னா போதும்."

பத்து வருஷமாக மகளுக்குச் சேர்த்ததில் பாதியை அங்கே கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது காவலாளியிடமிருந்து பையை வாங்கி, எனக்கென்று கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைக் கொடுத்தனுப்பினார். அதை நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மூன்று வாரத்தில் மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பைக்கிலிருந்து யார்தான் விழவில்லை? ஆனால் மாமியார்காரிக்குத் தோட்டின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாள் வைத்துப் பார்த்து வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும், தனக்குத் தெரிந்த நகைக்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் தகட்டைப் பிரித்து லென்ஸ் வைத்து, இரண்டு கல்லில் கரும்புள்ளி, ஒன்றில் காக்கைக் கால் மாதிரிக் கீறல், இதையெல்லாம் யாராவது பெண்ணுக்குப் போடுவார்களா என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்குகிறேன், ஊரிகம் ஸ்டேஷனில் அக்காவின் மகள் தனியாகப் பையோடு நிற்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னம்மா என்றேன். "கல்லு தோஷமாம் மாமா. நல்லதா மாத்திக்கினு வான்னு அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் வரவேணாமாம்" என்றாள். நான் அவள் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுவரை நடந்தேன். அவள் வழியெல்லாம், எங்கம்மாவுக்கா இப்படி, எங்கம்மாவுக்கா இப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பெண் நாற்பது நாள் பிறந்த வீட்டில் இருந்தது. லைனில் கேட்கவா வேண்டும்! ரயிலிலும் விஷயம் பரவிவிட்டது. ஊரையெல்லாம் செக்கிங் பண்ணுகிறவருக்கே ஒருத்தன் செக்கிங் பண்ணிவிட்டான் என்று சாடைமாடையாகப் பேசிச் சிரித்தார்கள். எந்தக் கடை, யார் விற்றது என்று கேட்டார்கள். அக்கா சொல்லவில்லை. என் கண்ணு அவிஞ்சு போச்சு, நானே பார்த்து வாங்கினதுதான் என்று முடித்துவிட்டார். நான் அதே பெட்டியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் அவ்வளவு பேசுகிற வாய் அங்கே திறக்கவில்லை.

கடைக்கும் அவர் வரவில்லை. வந்து சண்டை போட்டிருந்தால் தோட்டை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அப்படி எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்து கத்தினால் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, உனக்கும் பெண் குழந்தை இருக்கிறதே என்றார். தோட்டை ராபர்ட்சன்பேட்டையிலேயே பழைய தங்கமாகப் போட்டார். கல்லுக்கு ஒன்றும் தேறவில்லை. தன் கழுத்துச் சங்கிலியையும் அதோடு சேர்த்துப் போட்டு வேறு தோடு எடுத்தார். இந்தத் தடவை வெளி ஆய்வகச் சான்றிதழ், பின்பக்கம் திறந்த வேலை, கையில் லென்ஸோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வாங்கினாராம். மகள் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்காவின் வெறுங்கழுத்தில் ஒரு கறுப்பு மணிச்சரடு வந்தது.

மகளை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்தாராம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. அன்னிக்கு நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். காலில் விழுந்திருப்பேன்.

"தெரியாதுக்கா. அவங்க குடுத்தாங்க, நான் காட்டினேன்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முகமே தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். நான்தான் சொன்னேனே, அவனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான்னு" என்றார். யாரிடம் சொன்னார் என்று கேட்கவில்லை. மகளிடம் சொல்லியிருப்பார், அல்லது தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்திருப்பேன். மனுஷன் எதைத்தான் மறக்கவில்லை. ஆனால் அக்கா என்னை விடவில்லை. அவருக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ராபர்ட்சன்பேட்டையில் கல் மதிப்புப் போடும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து வைரத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, ஃபேக்டரியில் கொடுக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். பிறகு அதை ரயிலில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கடைக்காரர்கள் உன்னையும் ஏமாற்றுகிறார்கள் தம்பி, ஒன்றும் தெரியாத உன்னை முன்னால் நிறுத்தி விற்கிறார்கள், இனிமேல் நீ ஏமாறக்கூடாது என்றார்.

நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் மஞ்சள் தெரிந்துவிடும். நல்ல ஆய்வகத்துச் சான்றிதழ் என்றால் அந்த எண் கல்லின் இடுப்பிலேயே, அதன் ஓர விளிம்பில், பொறித்திருக்கும், லென்ஸில் பார்த்து இரண்டையும் ஒப்பிடவேண்டும். 750 என்று அடித்திருந்தால் பதினெட்டு காரட், அதற்கு 916 விலை போடக்கூடாது. எடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பட்டை சரியாகத் தீட்டவில்லை என்றால் ஒளி கீழே ஓடிவிடும். மெஷினில் வளர்க்கிற வைரமும் இப்போது வருகிறது, அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கருவி வேண்டும். நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு ஒப்பிக்கிற பாடம். அக்கா சொல்லச் சொல்ல, அப்படியா, அப்படியா என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. எதிர் சீட்டில் இருந்த பெண்களிடம் அக்கா என்னைக் காட்டி, பாவம், கடையில் இவனுக்கு ஒன்றுமே சொல்லித்தரவில்லை என்று இரக்கப்படுவார்.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம் என்று அக்கா ஓசூருக்கே போய்விட்டார். அதற்குமுன் கடைசியாக ரயிலில் வந்த வாரம் அவருக்கு ஒரு சந்தேகம்.

"நெறத்துக்குத் தரம் போடறாங்களே, டி-லேர்ந்து ஆரம்பிக்கறாங்க. ஏ, பி, சி எங்க தம்பி போச்சு?"

வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. ஒரு கணம் என்னைச் சோதிக்கிறாரோ என்று பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சோதனை ஒன்றும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் பதில் சொன்னால், இது தெரிந்த உனக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று ஆகிவிடும்.

"தெரியலக்கா" என்றேன்.

"போவட்டும் வுடு. கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றார். கே.ஆர்.புரத்தில் இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து ஊர் திரும்பியதும் அந்தக் கல் மதிப்புப் போடுகிறவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் ரயில் கிளம்பும் முன்பே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சொன்னார். முன்னாளில் வியாபாரிகள் ஆளாளுக்கு ஏ, பி, சி என்று தங்கள் இஷ்டத்துக்குத் தரம் போட்டுக் குழப்பிவிட்டார்களாம். அதனால் புதிதாகத் தரம் வகுத்தவர்கள் அந்த எழுத்துகளே வேண்டாமென்று டி-யிலிருந்து தொடங்கினார்களாம். எனக்குப் புரியவேண்டுமே என்று நோட்டில் எழுதியும் காட்டினார்.

"இப்ப புரிஞ்சுதா தம்பி?"

"புரிஞ்சுதுக்கா" என்றேன்.